கம்மியர் ஹென்றி மாட்ஸ்லே

இங்கிலாந்து தேசத்திலே, லண்டன் மாநகர்க்குக் கிழக்கே, தேம்ஸ் நதியின் தென்கரையில் உல்விச் என்றோர் ஊர் உளது. அவ்வூரில் அரசாங்கத்தாருடைய பெரிய ஆயுதசாலை ஒன்று நெடுங்காலம் நடைபெற்று வந்தது. பீரங்கி வார்ப்போரும், சக்கரம் செய்வோரும், கொல்லரும், தச்சரும், வெடிமருந்து அடைப்போருமாக மிகப்பலர் அதனாற் பிழைத்தனர். அவ்வாயுதசாலையைச் சார்ந்த ஓர் எளிய குடும்பத்திலே 1771ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 22ம் நாள் பிறந்தவரே நாம் ஈண்டு எழுதப்புகுந்த ஹென்றி மாட்ஸ்லே என்பவர். தந்தையார் பெயரும் ஹென்றியே. அவர் வண்டித்தச்சர், இராணுவ யந்திரப்படையிற் சேர்ந்து, காயம்பட்டு, பின்பு உல்விச் ஆயுதசாலையின் பண்டகசாலையிலே உத்தியோகம் பெற்றவர். 1780ல் அவர் இறந்தபோது மைந்தருக்கு வயது ஒன்பது.

நம் கல்லூரியினின்று பரீட்சை தேறி வெளியேறுவோரிற் பலர், யந்திரக் கம்பெனிகளுக்கு விண்ணப்பம் விடுத்து, நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வருமோ வாராதோ என்று ஏங்கியிருப்பதை நாம் ஆண்டுதோறுங் காண்கின்றோம். அழைப்பு வந்தபின்னரோ ஏக்கம் இருமடங்காகின்றது. என்ன கேட்பார்கள், எதனைக் காட்டுவது, எவ்வளவு சம்பளம் சொல்வது என்ற எண்ணங்களால் உறக்கம் ஒழிகின்றது. மாட்ஸ்லேயின் சரித்திரத்தை நாம் எடுத்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். பள்ளியிற் பயின்ற கல்வி மிகச் சிறிதே உடையவர் அவர். எனினும் கம்பெனி வாயிலில் வேலை வேண்டி நின்றும், பின்னாளில் அவ்வாயிலின் உட்புறமிருந்து பிறரை ஆராய்ந்தும், இரு நிலைகளையும் நன்கறிந்தவர்.

பன்னிரண்டாம் வயதிலே அவர் ஆயுதசாலையிற் சேர்ந்தார். தோட்டாக்களில் மருந்து அடைப்பதே முதல் வேலை. இரண்டாண்டு கழித்துத் தச்சுப்பட்டறைக்கு அனுப்பினர். அங்கே இழைப்புளியைப் பிடித்திருந்த கை, அடுத்த கட்டடத்தில் எழும் சம்மட்டியோசையையே நாடிநின்றது. சமயம் வாய்த்தபோதெல்லாம் கொல்லுலைக்குச் சென்றுவிடுவார். மேற்பார்வையாளர் அவரை அதட்டித் திருத்த முயன்று, முடியாமையின், பதினைந்தாம் வயதில் உலைக்களத்துக்கே மாற்றிவிட்டனர். அங்கே அவர் விரைவிற் பேர்பெற்றார். நுண்ணிய இரும்பு வேலைகளை அரமும் சம்மட்டியுங் கொண்டு அவர் செய்து முடிப்பதைப் பார்க்கும்பொருட்டு முதியோரும் கூடிநிற்பராம்.

அக்காலத்தில் லண்டனிலே ஜோசப் பிராமா என்பவர் பூட்டுத் தொழிலிற் பெரும்புகழ் கொண்டிருந்தார். 1784ல் அவர் ஒரு புதுவகைப் பூட்டுக்குத் தனியுரிமை பெற்றிருந்தார். அதன் உட்பொருத்துகள் மயிரிழையளவும் பிசகாது அமைந்தாலன்றிப் பூட்டுச் சரிவர இயங்காது. அமைத்துக்கொடுக்கும் தொழிலாளரோ அரியர். கைவல்லார் வேறு எங்கேனும் உளரோ என்று பிராமா தேடுகையில், உல்விச்சில் இளங்கொல்லர் ஒருவர் உளர் என்று அறிந்தோர் கூறினர். ஆள் அனுப்பினார், 1789ல் மாட்ஸ்லே வந்து நின்றார்.

வந்தவரை நோக்கியதும் பிராமாவுக்கு ஐயம் பிறந்தது. வயது பதினெட்டு. உயர்ந்த, திண்ணிய உடல்தான்; ஆனால் முகமோ சிறுபிள்ளை முகம். அதனினும் பெரிய தடை வேறொன்றிருந்தது. ஏழாண்டு ஓர் ஆசானிடம் முறைப்படி பயின்றவரே முழுத்தொழிலாளர் என்பது அந்நாட் பட்டறைகளின் நியதி. ஆயுதசாலையிலே வளர்ந்த மாட்ஸ்லேக்கு அத்தகைய பயிற்சிச் சீட்டு யாதுமில்லை. சீட்டில்லாதவனைத் தம்மோடு சமமாக வைத்தல் தகாது என்று ஏனையோர் முணுமுணுத்தல் இயல்பே. பட்டறைத் தலைவரும் என் செய்வதென்று தயங்கினார்.

அங்கே ஒரு பணிமேடையின்மேல், பல்தேய்ந்து பழுதுபட்ட பிடிகருவி ஒன்று இருந்தது. நம் தொழிலாளர் அதனை வைஸ் என்பர். மாலை ஆறு மணிக்கு வேலை முடியுமுன் இதனைப் புதிதுபோல் ஆக்கிக்கொடுத்தால் தம்மைச் சேர்த்துக்கொள்ளலாமோ என்று மாட்ஸ்லே கேட்டார். தலைவர் இசைந்தார். மாட்ஸ்லே மேற்சட்டையைக் கழற்றிவிட்டு வேலையில் இறங்கினார். தேய்ந்த தாடைகளுக்குப் புதிய எஃகு பற்றவைத்தார், அரத்தால் இழைத்தார், பற்களைப் புதிதாக வெட்டினார், உலையிற் காய்ச்சித் தோய்த்துப் பதமேற்றினார். இவற்றுள் கடைசி வேலை மிக அருமையானது. பதம் மிஞ்சினால் பல் பிளந்துபோம். குறைந்தால் பத்துநாளிலே மறுபடி மழுங்கிப்போம். அளவறிதற்கு உலையிரும்பின் நிறமன்றி வேறு சாட்சியில்லை. மணியடிக்குமுன் பிடிகருவி மெருகோடு மேடைமேல் நின்றது. அத்துடன் பேச்சு முடிந்தது. அதன்பின் அவர் பிராமாவின் தொழிலாளர்.

இச்செய்தி பட்டறையாரின் வாய்மொழியாய் வந்து, 1863ல் சாமுவேல் ஸ்மைல்ஸ் என்பார் வெளியிட்ட தொழில்வல்லார் சரித்திரத்தில் ஏறியது. வாய்மொழியில் வந்தது ஆதலின் கொஞ்சம் மெருகு கூடியிருத்தலும் உண்டு. ஆயினும் இதில் நாம் கவனிக்கத்தக்கது ஒன்றுளது. தம்மைப்பற்றி அவர் ஒரு சொல்லும் விரித்துரைத்தாரல்லர். கண்ணெதிரே கிடந்த, அப்பட்டறைக்கே தேவையான, பிறர் கவனியாது விட்ட பழுதொன்றைத் தாமே தெரிந்தெடுத்தார். வினாவைத் தாமே இட்டு விடையையுந் தாமே தந்தார் எனலாம்.

பிராமாவிடம் அவர் எட்டாண்டு இருந்தார். மிக்க இளமையிலேயே பட்டறைத் தலைவரானார். 1791ல், பிராமாவின் வீட்டிற் பணிப்பெண்ணாயிருந்த சாரா டிண்டெல் என்னும் நங்கையை மணந்தார். நான்கு ஆண்மக்கள் பிறந்தனர். அந்நாட்களிலே பிராமா தம் பிக்காடிலிக் கடையின் சாளரத்தில் ஒரு பூட்டை வைத்து, இதனைச் சாவியின்றித் திறக்குங் கருவி செய்வார்க்கு 200 கினி பரிசு என்று விளம்பரஞ் செய்தார். பதினெட்டுச் சறுக்குத் தகடுகள் உள்ளே அமைந்த அப்பூட்டு மாட்ஸ்லேயின் கைவேலை. அஃது அறுபது ஆண்டு அசையாதிருந்தது. 1851ல் லண்டனில் நடந்த மகா கண்காட்சிக்கு வந்த ஹாப்ஸ் என்னும் அமெரிக்கர், பதினாறு நாளில் மொத்தம் 51 மணிநேரம் உழைத்து அதனைத் திறந்தார். அப்போது பிராமாவும் இல்லை, மாட்ஸ்லேயும் இல்லை.

பிராமாவின் மற்றொரு பெரும்புனைவு நீரழுத்த யந்திரம். 1795ல் தனியுரிமை பெற்றது. சிறு குழாயிற் செலுத்தும் நீரின் அழுத்தத்தால் பெரிய உருளைத்தண்டு பெரும்பாரத்தை எழுப்பும் என்பது அதன் தத்துவம். ஆனால் ஓர் இடர்ப்பாடு அதனை நெடுநாள் வாட்டியது. தண்டைச் சூழ்ந்த இடைவெளியை இறுக அடைத்தால் தண்டு மேலேறியபின் கீழிறங்க மறுக்கும். தளர அடைத்தால் நீர் பீறிட்டுவிடும். கவிழ்த்த கிண்ணம்போல் மடிந்த தோல்வளையம் ஒன்றை அங்கே வைத்தமையால் இடர் தீர்ந்தது. நீர் அழுத்துங்கால் வளையத்தின் மடிப்பு விரிந்து தானே இறுகும்; அழுத்தம் நீங்கினாற் சுருங்கித் தண்டை விட்டுவிடும். இந்த யோசனை மாட்ஸ்லேயுடையதே என்று பிற்காலத்தில் அவரிடம் பணிசெய்தோர் வற்புறுத்தினர். தனியுரிமைப் பத்திரமோ முதலாளியின் பெயரில் இருந்தது. பட்டறையிற் பிறக்கும் புனைவு யாருக்குரியது என்னும் வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை.

இவ்வளவுஞ் செய்த தலைவருக்குச் சம்பளம் வாரத்துக்கு 30 ஷில்லிங். குடும்பம் பெருகியது. 1797ல் மாட்ஸ்லே சம்பள உயர்வு கேட்டார். பிராமா சற்றுங் கனிவின்றி மறுத்துவிட்டார். மாட்ஸ்லே விலகினார். பிராமாவைக் கொடியவர் என்று நாம் கருதவில்லை. அவரும் காலூனமுற்றுத் தச்சராகி, உழைத்து உயர்ந்தவரே. எனினும் சில ஷில்லிங்கை மீதப்படுத்தி அவர் இழந்தது எத்தகைய மனிதரை என்பதைக் கணக்கிட்டால், கம்பெனி நடத்துவோர் நெஞ்சு துணுக்குறாமலிராது.

ஆக்ஸ்போர்டுத் தெருவுக்கு அருகே வெல்ஸ் தெருவிலே ஒரு சிறு பட்டறையை மாட்ஸ்லே வாடகைக்குப் பிடித்தார். இடம் அழுக்கடைந்து கிடந்தது. கணவனும் மனைவியுமாகக் கூட்டித் துடைத்தனர். முதலில் வந்த வேலை, ஓவியர் ஒருவருக்குப் படம் தாங்கும் இரும்புச்சட்டம். அடுத்தடுத்து வேலைகள் வந்தன. இங்கேதான், 1800ம் ஆண்டினையொட்டி, அவருக்கு நிலைத்த புகழை அளித்த கடைசல் யந்திரம் உருவாயிற்று.

கடைசல் யந்திரம் மிகப் பழையது. நம் ஊர்த் தச்சரும் கட்டில்காலும் தொட்டிற்சட்டமும் கடைந்தவரே. ஆயின் இரும்பைக் கடைவது வேறு. சுழலும் இரும்பின்மேல் தொழிலாளர் நீண்ட உளியைத் தோளோடணைத்து, ஒரு தாங்கியின்மீது ஊன்றி, உடல்வலிமை முழுதுங்கொண்டு அழுத்திப்பிடிக்க வேண்டும். கை சற்றே நடுங்கினும் இரும்பில் அந்நடுக்கம் பதியும். மாலையிற் கடைந்தது காலையிற் கடைந்ததற்கு ஒவ்வாது. ஒருவர் கடைந்தது மற்றவர் கடைந்ததற்கு ஒருபோதும் ஒவ்வாது. மாட்ஸ்லே உளியைக் கையினின்று வாங்கி, இரும்பாலாகிய நகருந்தாங்கி ஒன்றிற் பிணித்தார். அத்தாங்கி சமமாக இழைத்த தண்டவாளத்தின்மேல் நகரும். நகர்த்துவது ஒரு நீண்ட திருகாணி. அத்திருகாணியைச் சக்கரங்களின் வாயிலாகச் சுழலும் அச்சோடு இணைத்துவிட்டால், உளி தானே அளவாக முன்னேறிப் புரி வெட்டும். சக்கரங்களை மாற்றினால் புரியின் நெருக்கமும் மாறும். உளியை நடத்த இனி மனிதத்தோள் வேண்டுவதில்லை. இதைக் கண்ட பழந்தொழிலாளர், குழந்தைக்குரிய நடைவண்டி என்று எள்ளி நகைத்தனராம். உவமை பொருத்தமானதே, நடைவண்டியைப் பற்றிய குழந்தை விழாதன்றோ!

நகருந்தாங்கியை முதன்முதல் நினைத்தவர் மாட்ஸ்லே என்று சில நூல்கள் எழுதிவிடுகின்றன. அது பிழை. பிரான்சு தேசத்தில் வோகான்சோன் என்பவரும், இங்கிலாந்திலேயே ஜெஸ்ஸி ராம்ஸ்டன் என்பவரும் அத்தகைய கருவிகளை முன்னரே செய்திருந்தனர். சிதறிக்கிடந்த உறுப்புக்களை ஒன்றுசேர்த்து, மரம் நீக்கி முழுதும் உலோகத்தாலமைத்து, எந்தப் பட்டறையிலும் நாள்தோறும் உழைக்கத்தக்க உறுதியும் நுட்பமும் கொடுத்ததே அவர் செய்தது. அப்பெருமை அவருக்குப் போதும், இல்லாததை ஏற்றுவானேன்?

திருகாணி என்பது மிக எளிய பொருளாகத் தோன்றலாம். அக்காலத்தில் ஒவ்வொரு திருகாணியும் தன் சுரையோடு பிறந்து அதனோடே வாழ்ந்தது. ஒரு யந்திரத்தைக் கழற்றினால் இன்ன ஆணிக்கு இன்ன சுரை என்று குறியிட்டு வைக்கவேண்டும்; மாறினாற் சேராது. புரிக்கு ஓர் ஒழுங்குமில்லை, கணக்குமில்லை. மாட்ஸ்லே தம் பட்டறையளவிலேனும் இவ்வொழுங்கின்மையை ஒழிக்கத் துணிந்தார். அவர் வானசாஸ்திரக் கருவிகளின் அளவுக்கோடு வகுப்பதற்கென்று செய்த திருகாணி ஒன்று ஐந்தடி நீளம், இரண்டங்குல விட்டம், அங்குலத்துக்கு 50 புரி கொண்டது. அதன் சுரையோ பன்னிரண்டங்குல நீளமுடையதாய், 600 புரிகளை ஒருங்கே தழுவி நின்றது. ஓரிடத்தில் ஒரு புரி தவறினும் சுரை நகராது என்பதை எண்ணிப்பார்க்க.

அளவில் ஐயம் வந்தாற் தீர்ப்புக் கூறுதற்கு அவர் ஒரு நுண்ணளவி செய்து தம் மேடைமேல் வைத்திருந்தார். அதன் திருகில் அங்குலத்துக்கு 100 புரி. திருகுத்தலையில் 100 பிரிவு. ஆக, அங்குலத்திற் பதினாயிரத்தில் ஒரு கூறு வரை அஃது அளக்கும். இங்கிலாந்தின் உயர்ந்த நீதிபதியின் பட்டத்தை அதற்குச் சூட்டி லார்டு சான்ஸலர் என்று அழைத்தார். எவ்வளவு முதிர்ந்த தொழிலாளரும் அந்நீதிபதியின் தீர்ப்புக்கு மேல்முறையீடு செய்யவியலாது. அவ்வாறே, ஒரு பரப்புச் சமமானதா என்று சோதிக்க, மிகச் சமமாக இழைத்த உலோகத் தகடுகளைத் தொழிலாளரின் மேடைகளில் வைப்பித்தார். மையைத் தடவி ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால், மேடான இடம் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்.

இனி அவர் வாழ்விற் பெரிய வேலை வந்த விதத்தைச் சொல்லுவோம். கடைசல் வேலையின் மாதிரியாக அழகிய திருகாணி ஒன்றைக் கடைச்சாளரத்தில் வைத்திருந்தார். அவ்வழியே செல்லும் பிரெஞ்சுக்காரர் ஒருவர் அதன்பால் ஈடுபட்டு, தம் நாட்டு நண்பராகிய மார்க் புருனெல் என்பவரிடம் சொன்னார். புருனெல், பிரான்சில் மூண்ட புரட்சிக்கஞ்சி அமெரிக்கா சென்று, 1799ல் இங்கிலாந்து வந்து சேர்ந்தவர். கப்பல்களுக்கு வேண்டிய கப்பிகளை யந்திரத்தாற் செய்யும் வழியை வகுத்திருந்தார். பாய்மரக்கப்பல் ஒன்றுக்கு ஏறக்குறைய ஆயிரம் கப்பி வேண்டும். பிரிட்டிஷ் கடற்படைக்கு ஆண்டுதோறும் இலட்சம் கப்பிக்குமேல் தேவைப்பட்டது. அத்தனையும் கைவேலை. புருனெல் தம் கருத்தை மறைத்து, ஏதோ ஒரு யந்திரத்தின் உறுப்பென்று சில படங்களை மாட்ஸ்லேயிடம் கொணர்ந்தார். மீண்டும் வேறு படங்கள் கொணர்ந்தார். மூன்றாம் முறை வந்தபோது, இவை கப்பி செய்யும் யந்திரங்கள் என்று மாட்ஸ்லே கண்டுபிடித்துக் கூறிவிட்டார். கைக்கு நுட்பம் உண்டென்பதைத் திருகாணி காட்டியது. அறிவுக்கும் நுட்பம் உண்டென்பது இப்போது விளங்கியது. அதன்பின் புருனெல் எதையும் ஒளிக்கவில்லை. இதுவும் ஒருவகை நேர்முகப் பரீட்சையே, எழுதாத விதிகளுடையது.

கடற்படைத் தொழில்களின் மேலதிகாரியாகிய சாமுவேல் பெந்தம் துணைநிற்க, 1802 முதல் 1808 வரை மாட்ஸ்லேயின் பட்டறை 45 யந்திரங்களைச் செய்து போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் நிறுவியது. ஒன்று மரத்தை அறுக்கும், ஒன்று துளையிடும், ஒன்று அத்துளையை நீட்டி வெட்டும், ஒன்று புறவடிவைச் சீவும், இவ்வாறு எல்ம் மரத்துண்டு யந்திரத்துக்கு யந்திரம் கைமாறிக் கப்பியாய் வெளிப்படும். 1808ல் ஆண்டுக்கு 1,30,000 கப்பிகள் ஆயின. முன்பு கைத்தேர்ச்சியுடைய 110 பேர் செய்த வேலையைத் தேர்ச்சியில்லாத 10 பேர் செய்தனர். அவற்றுட் சில யந்திரங்கள் லண்டன் விஞ்ஞானக் காட்சிசாலையில் இன்றும் காணக்கிடக்கின்றன.

இவ்விடத்து நாம் சற்று நின்று நினைக்க வேண்டும். மேற்கண்ட கணக்கு எல்லா நூலிலும் பெருமையோடு எழுதப்பட்டுளது. எஞ்சிய நூறு பேர் என்னவாயினர் என்று நாம் கண்ட நூல்களில் இல்லை. அவருள் எத்தனைபேர் ஏழாண்டு பயின்று, கைத்திறனே தம் சொத்து என்று நம்பி முதிர்ந்தவரோ! பழுதான பிடிகருவி ஒன்றைக் கைத்திறனாலேயே புதுக்கிக் கம்பெனியில் நுழைந்த மாட்ஸ்லேதான், கைத்திறன் வேண்டாத யந்திரங்களை உலகுக்கு முழுநிறைவாக முதலிற் செய்துகொடுத்தவர். இவ்விரண்டையும் ஒருங்குவைத்துப் பார்க்குங்கால் நமது உள்ளம் எளிதில் அமைதியடைவதில்லை. பயிற்சிச் சீட்டில்லை என்று வாயிலில் நிறுத்தப்பட்டவர், சீட்டில்லாத பத்துப்பேருக்கு வாயிலைத் திறந்துவிட்டார் என்று ஒருவர் வாதிக்கலாம். அதுவும் உண்மையே. அப்பத்துப்பேருக்குக் கொடுத்த கூலி அந்நூற்றுப்பதின்மர் பெற்ற கூலியாயிராது என்பதும் உண்மையே. யந்திரங்களைச் செய்தற்கு வேண்டிய கைகளோ முன்னினும் நுண்ணியனவாயின. அத்தகைய கைகளை வளர்க்கும் பள்ளியாயிற்று மாட்ஸ்லேயின் பட்டறை.

1810ல் அப்பட்டறை தேம்ஸ் நதிக்குத் தெற்கே லாம்பெத்துக்குப் பெயர்ந்தது. கடற்படை அலுவலகத்திற் படம் வரைந்துகொண்டிருந்த ஜோஷுவா பீல்டு என்பவர் வந்து சேர்ந்து, பின்பு பங்காளியானார். மாட்ஸ்லே புதல்வரும் பீல்டும் என்ற பெயரால் அக்கம்பெனி உலகெங்கும் அறியப்பட்டது. மேசைவடிவினதாகிய சிறு நீராவியெஞ்சினுக்கு மாட்ஸ்லே 1807ல் தனியுரிமை பெற்றிருந்தார். நீராவிக்கப்பல்களின் எஞ்சின்கள் பல அவர் கம்பெனியில் உருவாயின. புருனெல் தேம்ஸ் நதியின் அடியிற் சுரங்கம் தோண்டத் தொடங்கிய 1825ல், தோண்டுவோரைக் காக்கும் பெரிய இரும்புக்கேடயம் செய்துகொடுத்தவரும் மாட்ஸ்லேயே.

அவரிடம் பயின்றோர் பெயரைச் சொன்னால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் யந்திரசரித்திரத்தைச் சொன்னவாறாகும். ரிச்சர்டு ராபர்ட்ஸ் பஞ்சு நூற்கும் யந்திரத்தைத் தானே இயங்கச் செய்தவர். ஜோசப் கிளெமெண்டு, சார்லஸ் பாபேஜ் என்னுங் கணிதர் வகுத்த கணக்கு யந்திரத்தின் உறுப்புக்களைச் செய்தவர். ஜோசப் விட்வொர்த்து 1841ல் திருகாணிப் புரிக்கு நாடுமுழுதும் ஓரளவே வேண்டுமென்று வகுத்துக்காட்டி, ஆசானின் பட்டறைக்குள்ளிருந்த ஒழுங்கைத் தேசத்துக்கு ஒழுங்காக்கியவர்.

மற்றொருவர் ஜேம்ஸ் நேஸ்மித். எடின்பரோ நகரத்து ஓவியர் அலெக்ஸாண்டர் நேஸ்மித்தின் மைந்தர். மாட்ஸ்லேயிடம் பணிசெய்வதே பிறவிப்பயன் என்று கருதி, 1829ம் ஆண்டு மே மாதத்தில், இருபது வயதிலே, தந்தையாருடன் லாம்பெத்துக்கு வந்தார். மாட்ஸ்லே அன்போடு வரவேற்றார். ஆனால் விஷயத்தைக் கேட்டதும் மறுத்தார். பெரும்பணம் கட்டித் தம் பிள்ளைகளைப் பயிற்சிக்கு விட்ட செல்வர்களால் அவர் மிகவும் நொந்திருந்தார். அப்பிள்ளைகள் நேரத்துக்கு வாரார், தாமும் வேலை செய்யார், பிறரையும் செய்யவொட்டார். இனிப் பயில்வோர் எவரையும் ஏற்பதில்லை என்று முடிவு செய்துவிட்டாராம். வந்தவர் நண்பர் ஆதலின், தொழிற்சாலையைச் சுற்றியேனும் பார்த்துப்போகலாம் என்று அழைத்துச் சென்றார்.

எஞ்சின் இருந்த பகுதிக்கு வந்தபோது, ஓர் ஆள் உலையடியிற் சாம்பல் வாரிக்கொண்டிருந்தான். இளைஞர் மனம் பொறுக்கவில்லை. இச்சாம்பலை வாரும் வேலை கிடைப்பினும் மகிழ்ந்து செய்வேன் என்று சொல்லிவிட்டார். மாட்ஸ்லே திரும்பி நோக்கினார். அவர் கொண்ட முடிவு அவ்விடத்திலேயே தளர்ந்தது. ஊரினின்று கொணர்ந்த மாதிரிகளையும் படங்களையும் மறுநாள் காட்டும்படி பணித்தார். நேஸ்மித் தாமே செய்த சிறு நீராவியெஞ்சினையும், தீட்டிய படங்களையும் கொணர்ந்து வைத்தார். மாட்ஸ்லேயும் பீல்டும் தனியே சென்று இருபது நிமிஷம் ஆராய்ந்தனர். வாயிலில் நின்ற இளைஞருக்கு அவ்விருபது நிமிஷம் எவ்வளவு நீண்டிருக்கும் என்பது அந்நிலையில் நின்றோர்க்கே தெரியும். மாட்ஸ்லே வெளிவந்து, பயில்வோராக வேண்டுவதில்லை, தம் சொந்தப் பட்டறையிலேயே துணைவராயிருக்கலாம் என்று உரைத்து உள்ளே அழைத்துச் சென்றார்.

நாற்பதாண்டுக்குமுன் பிராமாவின் பட்டறையிற் பிடிகருவியைப் பார்த்த பதினெட்டு வயதுக் கண்களை அவர் அன்று நினைத்தாரோ என்னவோ. அவர் வினவாதவற்றைக் கவனிக்குங்கால் நமக்கு அவ்வெண்ணம் எழுகின்றது. இளைஞர் எங்கே பயின்றார், யாரிடம் பயின்றார் என்ற சீட்டுகள் அவருக்கு வேண்டியிருந்தில. செய்த பொருள் மேசைமேல் இருந்தது, அஃது போதும்.

சம்பளத்தைக் கணக்கரோடு பேசும்போது, தொடக்கத்தில் வாரம் 10 ஷில்லிங் போதும் என்றார் நேஸ்மித். தந்தைக்கு இனி ஒரு காசும் செலவு வைப்பதில்லை என்பது அவர் சங்கற்பம். உணவுவிடுதியில் உண்டாற் பத்து ஷில்லிங் எம்மட்டு? ஆதலால் எண்ணெய் விளக்கின் சிறு சுடரால் பலமணிநேரம் மெல்ல வேகவைக்கும் பாத்திரம் ஒன்றைத் தாமே வரைந்து, ஆறு ஷில்லிங்கிற் செய்வித்துக்கொண்டார். காலையில் இறைச்சியும் கிழங்கும் நீரும் இட்டு விளக்கேற்றிவிட்டு வேலைக்குப் போவார்; மாலையில் வந்தால் சோறு ஆயத்தம். ஒருநாட் சாப்பாட்டுக்கு நாலரைப் பென்ஸ் என்று கணக்குங் குறித்துவைத்தார். விடுதியில் உண்டு சலித்த நம் மாணாக்கர் இப்பகுதியை ஆவலோடு படிப்பர் என்பதிற் சந்தேகமில்லை.

மாட்ஸ்லே தம் முதுமையிலும் கையிற் கருவியின்றி இரார். பட்டறையிற் பாடிக்கொண்டே வேலை செய்வது அவர் வழக்கம். எந்த உறுப்பைச் செய்யினும், இஃது எதற்காக, இதில் மிகையான இரும்பு எவ்வளவு என்று கேட்பார். மிகையைக் குறைத்தாலன்றி விடார். இறுதிக்காலத்தில் வானசாஸ்திரத்திற் பற்றுண்டாகி, 24 அங்குலக் கண்ணாடியுடைய பெரிய தூரதிருஷ்டிக் கண்ணாடி ஒன்று செய்ய ஆயத்தஞ் செய்துவந்தார். அது கைகூடவில்லை. 1831ம் ஆண்டுத் தொடக்கத்தில், நோயுற்ற நண்பர் ஒருவரைக் காணப் பிரான்சு சென்று, கடல்கடந்து மீள்கையிற் கடுஞ்சளி பிடித்தது. அவ்வாண்டு பிப்ரவரி மாதம் 14ம் நாள் இறந்தார். வயது 59. பிறந்த ஊராகிய உல்விச்சிலே, தூய மகதலேனா மரியாளின் கோயிற்கொல்லையில் அவரை அடக்கஞ் செய்தனர். கல்லறைமேல் நின்றது அவர் தாமே வகுத்த வார்ப்பிரும்பாலாகிய நினைவுச்சின்னம்.

கம்பெனியை மைந்தரும் பீல்டும் நடத்தினர். அந்நூற்றாண்டின் முடிவோடு அது கலைந்தது. நேஸ்மித் ஆசான் மறைந்தபின் சில மாதம் பீல்டிடம் இருந்து, 1831 ஆகஸ்டில் விடைபெற்றார். சொந்தத் தொழில் தொடங்க அவரிடம் பணம் அதிகமில்லை. கேட்டது ஒன்றே: அத்தொழிற்சாலையின் கடைசல் யந்திரங்களுட் சிறந்த ஒன்றின் வார்ப்புறுப்புக்கள். பீல்டு மனமுவந்து இசைந்தார். இழைக்கப்படாத அவ்விரும்புத் துண்டுகளை எடின்பரோவுக்குக் கொண்டுசென்று, ஒரு சிறு பட்டறையில் அரமும் உளியுங் கொண்டு பலமாதம் தம் கையாலேயே இழைத்துப் பொருத்தினார். அதனைக்கொண்டு வேறு யந்திரங்கள் செய்து, 1834ல் மான்செஸ்டருக்குக் குடிபுகுந்தார்.